பிரெஞ்சில் எதிர்மறை: 'நெ… பா' என்ற முழு வடிவமா, வெறும் 'பா'வா?

பிரெஞ்சு கற்கத் தொடங்குபவருக்கு எதிர்மறை வாக்கியம் இரண்டு உருவங்களில் எதிர்ப்படுகிறது. வினைச்சொல்லுக்கு முன்னால் 'நெ', பின்னால் 'பா' என இரு துண்டுகளையும் வைத்து 'ழெ நெ பார்ல் பா' (நான் பேசுவதில்லை) என்று எழுதப் பாடநூல் கற்பிக்கிறது; பிரான்சில் இயல்பான உரையாடலைக் கவனித்தாலோ, பெரும்பாலும் 'ழெ பார்ல் பா' என்றே காதில் விழுகிறது. (இங்கு 'ழ' என்பது, ஷகரத்தைத் தொண்டை அதிர ஒலித்தால் வரும் ஒலியைக் குறிக்கும்.)

முழு வடிவத்தின் முதல் நன்மை, விதிகள் தெளிவாக இருப்பது. வினை உயிரொலியில் தொடங்கினால் 'நெ' சுருங்கி அதனோடு ஒட்டிக்கொள்கிறது: 'ழெ நேம் பா' (எனக்குப் பிடிக்காது). இறந்த காலத்தில் இரு துண்டுகளும் துணைவினையை மட்டுமே சூழ்கின்றன. 'நான் சாப்பிடவில்லை' என்பது 'ழெ நே பா மான்ழே' ஆகிறது. அருங்காட்சியகங்களில் காணப்படும் 'நெ பா துஷே' (தொடாதீர்) என்பதைப் போல, வினையெச்ச வடிவத்துக்கு முன் இரண்டும் சேர்ந்தே நிற்கும்.

குறுகிய வடிவத்தைச் சோம்பேறிப் பேச்சு என்று ஒதுக்குவது சரியன்று. லத்தீன் 'நோன்' தேய்ந்து 'நெ' ஆனபோது, அதற்கு வலுவூட்ட, 'ஓர் அடிகூட' என்று நாம் சொல்வதைப்போலச் சேர்க்கப்பட்ட பெயர்ச்சொல்லே 'பா'. இன்று எதிர்மறைப் பொருள் முழுவதையும் அதுவே சுமக்கிறது. மொழியியலாளர் வில்லியம் ஆஷ்பி, பிரான்சின் தூர் நகரத்தாரின் பேச்சை 1976-லும் 1995-லும் பதிவு செய்து ஒப்பிட்டபோது, 'நெ' விடுபடும் விகிதம் ஏறத்தாழ 63 சதவீதத்திலிருந்து 82 சதவீதமாக உயர்ந்திருந்தது.

ஆயினும் 'நெ' இல்லாமல் பொருள் மயங்கும் இடங்கள் உண்டு. 'ப்ளு' என்ற சொல் 'இன்னும் கூடுதல்' என்றும் 'இனி இல்லை' என்றும் பொருள்படும். 'ழெ நான் வெ ப்ளு' என்றால் 'எனக்கு இனி வேண்டாம்' என்பதில் ஐயமில்லை. 'நெ'யை விட்டு 'ழான் வெ ப்ளு' என்று எழுதிவிட்டால், வேண்டுமா வேண்டாமா என்று படிப்பவர் தடுமாறுவார். பேச்சில் மட்டும், 'கூடுதல்' என்னும் பொருளில் இறுதி ஸகரத்தை ஒலித்து 'ப்ளுஸ்' என்பதால் குழப்பம் தீர்கிறது. 'ஓன்' (நாம்) என்ற எழுவாய்க்குப் பின் நிலைமை தலைகீழ்: 'ஓன் நா பா', 'ஓன் ஆ பா' என்னும் இரண்டும், 'ன்' ஒலி அடுத்த உயிரோடு சேர்வதால், காதுக்கு 'ஓனா பா' என்று ஒன்றுபோலவே கேட்கும். பிரெஞ்சுக்காரர்களே எழுத்தில் இந்த 'நெ'யை அடிக்கடி விட்டுவிடுகிறார்கள். சொல்வதெழுதலில் மாணவர் சறுக்குவதில் வியப்பில்லை.

'யாரும்', 'எதுவும்' போன்ற சொற்கள் வரும்போது தமிழருக்கு முழு வடிவம்தான் எளிது. ஆங்கிலத்தில் 'நோபடி' என்ற சொல்லே எதிர்மறையை முடித்துவிடுகிறது. தமிழிலோ 'யாரும் வரவில்லை' என்று எழுவாயோடு வினையும் எதிர்மறைக்குத் துணை நிற்கிறது. பிரெஞ்சின் 'பெர்சொன் நெ வியன்' (யாரும் வருவதில்லை) அமைப்பிலும் அதே இரட்டைத்தன்மை உண்டு. ஆகவே ஆங்கிலத்தின் வழியே யோசிக்காமல் தமிழிலிருந்து நேராகச் செல்வது நல்லது. அங்கே 'பா'வையும் கூடுதலாகச் சேர்த்துவிடாமல் இருந்தால் போதும்.

டெல்ஃப் என்னும் பிரெஞ்சு மொழித் திறன் தேர்வின் எழுத்துத் தாளுக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் முழு வடிவத்தைத் தவிர வேறு தேர்வு இல்லை. பேச்சிலும் தொடக்கத்தில் முழு வடிவத்தையே பழகுவது மேல் என்பது என் கருத்து. இருந்த 'நெ'யைப் பின்னால் விடுவது எளிது, பழகாத 'நெ'யை எழுத்தில் நினைவாகச் சேர்ப்பது கடினம். காதை மட்டும் முதல் வாரத்திலிருந்தே 'ஷே பா' (தெரியாது), 'செ பா' (அது அல்ல), 'யா பா' (கிடையாது) ஆகிய குறுக்கங்களுக்குப் பழக்க வேண்டும். இல்லையென்றால் பாடநூல் வாக்கியத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் காது, எதிரில் இருப்பவர் மறுத்துவிட்டார் என்பதையே கவனிக்காமல் போகலாம்.