கீழடி மியூசியம்: பானை ஓட்ட பாக்காம வந்துடாதீங்க

லீவுக்கு பொண்ண கூட்டிட்டு கீழடி மியூசியம் போனோம், 2023ல திறந்தது, செட்டிநாட்டு வீடு மாதிரியே கட்டிருக்காங்க, அவ்ளோ அழகு. தந்தத்துல செஞ்ச பகடை, மணி எல்லாம் இருக்கு ஆனா நான் நகராம நின்னது பானை ஓடுங்க முன்னாடி தான், "ஆதன்"னு தமிழி எழுத்துல, அதாவது தமிழோட ரொம்ப பழைய எழுத்துல, பேரு கீறிருக்கு, பாத்ததும் சிலிர்த்துடுச்சு.

"ஆர்ட்டிஃபேக்ட்னா என்னப்பா, பாட்டி ஸ்கேன் ரிப்போர்ட்லயும் அதான இருந்துச்சு"ன்னு பொண்ணு கேட்டா. லத்தீன்ல இருந்து வந்த வார்த்தைமா, இயற்கையா இல்லாம செய்கையால உண்டானது, இங்க மனுசன் செஞ்ச பானை, ஸ்கேன்ல உடம்பு அசைஞ்சா படத்துல விழுற பொய்க்கோடு, போட்டோவ ரொம்ப சுருக்குனா வர்ற கட்டம் கட்டமா இருக்குறதுக்கும் அதே பேரு தான்னு சொன்னேன். ரெண்டு மணி நேரமாச்சும் ஒதுக்கிட்டு போங்க.