பாஸா, ஆல்சாப்பா: யாரை முதலில் படிப்பது?

இருவரும் இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து பீர் முதலாளிகள், எம்.பி. ஆகி 1886-ல் பிரபு பட்டம் பெற்றவர்கள்.

அரசியல்: மைக்கேல் ஆர்தர் பாஸ் லிபரல், 1865 முதல் 1886 வரை எம்.பி.
ஹென்றி ஆல்சாப் கன்சர்வேட்டிவ்.

தொழில்: பிரிட்டனில் பதிவான முதல் வணிகச் சின்னமே பாஸின் சிவப்பு முக்கோணம்தான், பிரெஞ்சு ஓவியர் மானே 1882-ல் முடித்த பாரிஸ் மதுக்கூட ஓவியத்தில், பளிங்கு மேடையோரம் நிற்கும் பாட்டிலில் அது பளிச்சென்று தெரியும், அவசியம் பாருங்கள்.
ஆல்சாப் கம்பெனி 1887-ல் பங்கு வெளியிட்டது, 1911-ல் ரிசீவர் (கடனை அடைக்க முடியாத கம்பெனியைப் பொறுப்பேற்க நியமிக்கப்படுபவர்) கைக்குப் போனது.

ஊருக்கு: ட்ரெண்ட் ஆற்றின் மேல் ஃபெர்ரி நடைபாலத்தை 1889-ல் பாஸ் தன் காசில் கட்டிக்கொடுத்தார். எனக்கு அவரைப் பிடிப்பதே இதனால்தான்.

சரி, அரசியலும் கொடையும் வேண்டுமென்றால் பாஸ். ஒரு பெரிய குடும்பத் தொழில் எப்படிச் சரிந்தது என்று பார்க்க ஆல்சாப்.