கேஸ் கன்ட்ரோலா, கோஹார்ட்டா?

நோய்க்குக் காரணம் தேடித் தீசிஸுக்குத் தலைப்பு எடுத்தவர்கள் எல்லோரும் வந்து முட்டி நிற்கிற இடம் இது. நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் எடுத்துப் பழைய பழக்கத்தை ஒப்பிட்டால் கேஸ் கன்ட்ரோல்; ஒரு கூட்டத்தை எடுத்துக்கொண்டு யாருக்கு நோய் வருகிறது என்று தொடர்ந்து பார்த்தால் கோஹார்ட். பாடப்புத்தக விளக்கத்தை விடுங்கள், பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லைப் பாருங்கள். புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடி, மருத்துவர் ரிச்சர்ட் டாலுடன் சேர்ந்து இரண்டையுமே செய்து பார்த்த மனிதர்.

ஆட்கள்
கேஸ் கன்ட்ரோல் (1950): 709 நோயாளிகள், ஒப்பிட இன்னொரு 709 பேர்.
கோஹார்ட்: 34,439 ஆண் டாக்டர்கள்.

காலம்
கேஸ் கன்ட்ரோல்: நோய் வந்தவரிடம் பழைய பழக்கத்தைக் கேட்டால் போதும்.
கோஹார்ட்: 1951-ல் பிடித்தவர்களை 2001 வரை விடவில்லை. ஹில்லே 1991-ல் காலமாகிவிட்டார்!

நம்பகம்
சண்டையே இங்கேதான். நோய் வந்தவர் ‘எதனால் வந்திருக்கும்’ என்று யோசித்து யோசித்துப் பழசைக் கூட்டிச் சொல்லிவிடுவார். கோஹார்ட்டில் நோய்க்கு முன்பே எழுதி வாங்கிவிடுவதால் அந்த வம்பு இல்லை, ஆனால் ஆட்கள் நடுவில் காணாமல் போனால் கணக்கு கெட்டது. டாக்டர்கள் என்றால் பதிவேட்டில் பெயர் இருக்கும், தேடிப் பிடிப்பது சுலபம்.

தொழிற்சாலை என்றால் என் ஓட்டு கோஹார்ட்டுக்கு. 1955-ல் டால், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் 20 ஆண்டுகளாவது வேலை பார்த்த 113 பேரை எடுத்துக்கொண்டார். அத்தனை பேரில் வழக்கமாக எதிர்பார்க்கக்கூடிய நுரையீரல் புற்றுநோய் மரணம் 0.8, நடந்தது 11. இத்தனை பெரிய வித்தியாசத்துக்கு ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்படவில்லை.

சரி, நோய் அரிது, காசும் நேரமும் இல்லையென்றால் கேஸ் கன்ட்ரோல். ஒரே ஆலை, பழைய ஊழியர் பதிவேடு பத்திரமாக இருக்கிறதென்றால் கோஹார்ட். அந்தப் பதிவேட்டிலிருந்தே பின்னோக்கித் தொடங்கலாம், ஐம்பது வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை.