காஸ் மட்டும் அடிப்பதா, கசிவைத் தேடிப் பிடிப்பதா?

கார் ஏசி சூடாக ஊதத் தொடங்கினால் திருகோணமலையில் நமக்கு இரண்டு வழிதான். ஒன்று, கராஜுக்குப் போய்க் குறைந்த காஸை (குளிரூட்டும் வாயுவை) நிரப்பிக்கொண்டு வருவது. கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், செலவும் குறைவு. மற்றது, காஸ் எங்கே போகிறது என்று தேடி, அந்தப் பாகத்தை மாற்றி, வாக்கியூம் எடுத்து (உள்ளே நிற்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி), தராசில் அளவாக நிறுத்து நிரப்புவது. இதற்கு வண்டியை ஒரு நாளாவது விடவேண்டும், செலவும் பல மடங்கு. நான் இரண்டாவதைச் செய்தேன். இன்னொரு முறை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

காஸ்தான் குறைந்திருக்கிறதா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஓடும்போது குளிர்ந்து, அநுராதபுரச் சந்தி நெரிசலில் நிற்கும்போது சூடாகிறதென்றால், முன்னாலுள்ள விசிறியையும், காஸின் சூட்டை வெளியே விடும் கொண்டன்சரில் அடைந்த தூசியையும் பாருங்கள். காற்றே பலமாக வரவில்லையென்றால் கெபின் பில்டர். ஏசியைப் போடும்போது, காஸை அழுத்திச் சுற்றவிடும் கொம்பிரசரின் கிளச் ‘டக்’ என்று பிடிக்காவிட்டால் பியூஸ், ரிலே; காஸ் மிகவும் இறங்கிப்போய் பிரஷர் சுவிட்ச் தடுத்தாலும் அப்படி நடக்கும். அழுத்தம் காட்டும் கேஜைப் பூட்டி ஓடவிடும்போது லோ (குறைந்த அழுத்தம்), ஹை (கூடிய அழுத்தம்) இரண்டு பக்கமும் இறங்கியிருந்தால் பெரும்பாலும் காஸ் குறைவு. லோ பக்கம் ஏறி, ஹை பக்கம் இறங்கியிருந்தால் கொம்பிரசர் தளர்ந்திருக்கலாம். அதற்கு எவ்வளவு காஸ் அடித்தும் பயனில்லை.

சரி, காஸ் குறைவு என்று தெரிந்துவிட்டது. காஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை, மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கொண்டன்சர். வண்டியின் முகப்பிலேயே இருக்கும் மெல்லிய அலுமினியம் அது. நிலாவெளி வீதியிலோ டச்சுக்குடாப் பக்கமோ தினமும் ஓடும் வண்டியில் உப்புக் காற்று நேரே அதில்தான் அடிக்கிறது. கச்சான் காற்றுக் காலத்துத் தூசியும் அதன்மேல் ஒட்டிக்கொண்டால் அலுமினியம் அரித்து, கண்ணுக்குத் தெரியாத துளை விழும். துளை விழுந்த இடத்தில் எண்ணெய்க் கறையும் அதில் படிந்த அழுக்கும் தெரிந்தால் அதுவே அடையாளம். தெரியாவிட்டால் நைதரசன் ஏற்றிச் சவர்க்கார நுரை பூசிப் பார்க்கலாம், அல்லது சாயம் விட்டு யூவி விளக்கடித்துப் பார்க்கலாம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்துத் தந்தது காஸின் விலையல்ல, எண்ணெய். கொம்பிரசருக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி கிடையாது. காஸோடு கலந்து சுற்றும் எண்ணெய்தான் அதன் உயிர். சிறிய கார்களில் முழுச் சுற்றிலும் சேர்த்தே 100 மில்லிலீற்றரை ஒட்டித்தான் அது இருக்கும். காஸ் கசியும் இடத்தால் எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. அவசரமாகக் காஸ் அடிக்கும் இடத்தில் காஸை மட்டும்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள். போன எண்ணெய் போனதுதான். இப்படியே வருடா வருடம் நடந்தால் கொம்பிரசர் காய்ந்து தேயும். தேய்ந்த உலோகத் தூள் கொண்டன்சர், காஸை விரியவிட்டுக் குளிரவைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வ் என்று எல்லாவற்றுக்குள்ளும் போய் அடையும். அப்போது கொம்பிரசரை மட்டும் மாற்றி முடிக்க முடியாது, கொண்டன்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், வால்வ் என்று முழுத் தொகுதிக்கும் செலவழிக்கவேண்டும். இன்றைக்குக் கொண்டன்சரோடு நிற்கிற செலவை நாமே வளர்த்துவிடுகிறோம்.

இன்னொன்று, அளவு. “கேஜ் சரியாத்தானே காட்டுது அண்ணே” என்று சொல்வார்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது, 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஆர்-134ஏ காஸ் ஏறக்குறைய 97 பீஎஸ்ஐ காட்டும். உள்ளே கொஞ்சமாவது திரவமாக இருக்கும்வரை, 450 கிராம் இருந்தாலும் 250 கிராம் இருந்தாலும் அதே 97தான். ஓடவிட்டால் கேஜ் கூடுதல் விவரம் சொல்லும், ஆனால் அது அன்றைய வெயிலோடும் எஞ்சின் வேகத்தோடும் ஏறி இறங்கும். ஆகவே இருப்பதை முழுவதும் எடுத்துவிட்டு, பொனட்டுக்குக் கீழே ஒட்டியுள்ள லேபிளில் எத்தனை கிராம் என்று பார்த்து, தராசில் வைத்து நிரப்புவதுதான் நம்பக்கூடிய வழி. கூடிப்போனாலும் கெடுதிதான்: அழுத்தம் ஏறும், குளிர் குறையும், கொம்பிரசர் திணறும்.

நிரப்ப முதல் குறைந்தது அரை மணித்தியாலமாவது வாக்கியூம் எடுக்கவேண்டும். உள்ளே ஈரம் நின்றால் அது காஸோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி, உள்ளிருந்தே அரிக்கும். தொகுதியைத் திறந்தால் டிரையரையும் மாற்றிவிடுங்கள். ஓட்டையை அடைக்கும் என்று விற்கும் டின் மருந்துகளை நான் பக்கத்திலும் விடமாட்டேன். அவை வால்வையே அடைத்துவிடக்கூடும்.

கொண்டன்சரை ஒட்டுவதா மாற்றுவதா? உப்பு அரித்ததென்றால் மாற்றுவதே நல்லது, ஒரு துளையை ஒட்டினால் பக்கத்தில் இன்னொன்று விழும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது கிடைக்கும், ஆனால் பூட்ட முதல் அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நான் ஒரிஜினல் அல்லாத புதிய கொப்பி ஒன்றைப் போட்டேன். ஒரு கச்சான் காலத்தைத் தாண்டிவிட்டது. கடற்கரையில் அது எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு அனுபவம் எனக்கு இன்னும் வரவில்லை. நன்னீரால், அழுத்தம் குறைத்து, அடிக்கடி கழுவி வருகிறேன்.

காஸ் மட்டும் அடிப்பது நியாயமான இடமும் உண்டு. ஐந்தாறு வருடம் ஒழுங்காகக் குளிர்ந்த வண்டி மெல்ல மெல்லக் குறைந்திருந்தால், ரப்பர்க் குழாய்களாலும் சீல்களாலும் இயல்பாகக் கசிந்ததாகவே இருக்கலாம். அதற்கும் வாக்கியூம் எடுத்து நிறுத்துத்தான் நிரப்பவேண்டும். போன வருடம் நிரப்பி இந்த வருடம் சூடாகிற வண்டி அந்தக் கணக்கில் வராது.

இவையெல்லாம் பெல்ட்டில் ஓடும் கொம்பிரசரை வைத்து நான் கண்டவை. பிரியஸ், அக்வா போன்ற ஹைபிரிட்களில் கொம்பிரசர் மின்சாரத்தில் ஓடுகிறது. அதில் எனக்குக் கைப்பழக்கம் இல்லை. ஆனால் அவற்றுக்குப் பீஓஈ (POE) என்ற வகை எண்ணெய்தான் வேண்டும். சாதாரணக் கார்களின் பேக் (PAG) வகை எண்ணெய் கலந்தால் மின்காப்புக் கெட்டுவிடும். ஆகவே அந்த வண்டிக்காரர்கள் காஸ் அடிக்கக் கொடுக்கும் முன்பே, எந்த எண்ணெய் விடப்போகிறீர்கள் என்று கேட்டுவிடுங்கள்.