கொள்ளிடக் கரை பம்பிங் ஸ்டேஷனுக்கு 4ஜி ரிமோட் பேனல்: வாங்கலாமா?

கொள்ளிடத்துக் கிணறுகளிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குத் தண்ணீர் ஏற்றும் இடங்களில் தொலைவிலிருந்தே பம்பை இயக்க இப்போது வைக்கும் ரிமோட் பேனல் இது: பம்பைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினியான ஒரு பி.எல்.சி., தொடுதிரை, 4ஜி ரூட்டர், சிம், சின்ன யு.பி.எஸ். மோட்டார் வேலையில் குறையே இல்லை. வாங்கலாம். ஆனால் தகவல் பாதுகாப்பு மேலாளர் ரூட்டரைத் திறந்து பார்க்காமல் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போடக்கூடாது.

இணையத்தில் யாரும் எட்டக்கூடிய பொது ஐ.பி. சிம்மும், பி.எல்.சி.யோடு பேசும் முறையான மாட்பஸுக்குரிய வாசலான 502-ஆம் போர்ட் திறந்தபடியுமாகத்தான் மாட்டிவிட்டுப் போகிறார்கள். மாட்பஸ் பாஸ்வேர்டே கேட்காது. யார் கட்டளை எழுதினாலும் பி.எல்.சி. ஏற்றுக்கொள்ளும். 2023 நவம்பரில் அமெரிக்காவின் அலிக்விப்பாவில் குடிநீர் பூஸ்டர் நிலையத்தின் யூனிட்ரானிக்ஸ் பி.எல்.சி. பிறர் கைக்குப் போனது. அந்த வகைக்குக் கம்பெனி போட்டு அனுப்பிய பாஸ்வேர்டு 1111. ஆகவே பொது இணையத்தோடு சேராத தனி ஏ.பி.என். சிம் கேளுங்கள், வெளியிலிருந்து பி.எல்.சி.க்கு வழிவிடும் போர்ட் ஃபார்வர்டிங்கை முழுக்க அடையுங்கள், தலைமை அலுவலகத்துக்குப் பூட்டிய தனிப்பாதையான வி.பி.என். மட்டும் விடுங்கள்.

இங்கேதான் பலருக்கும் புரியாத சிக்கல் வருகிறது. ரூட்டருக்குள் கடிகார பேட்டரி இல்லை. கரண்டும் போய் யு.பி.எஸ்.ஸும் தீர்ந்தால், திரும்ப எழும்போது தேதி பல வருஷம் பின்னால் நிற்கும். அடையாளம் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று வி.பி.என். மறுத்துவிடும். தனி ஏ.பி.என்.னில் இணையம் கிடையாது, நேரத்தை அது தானாகத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. ராத்திரி டேங்க் காலியாகிறதே என்று யாரோ பழையபடி போர்ட்டைத் திறப்பார்கள். அதை மறுபடி அடைக்க யாருக்கும் ஞாபகம் வராது. 2018 கஜா புயலில் எத்தனை நாள் கரண்டு இல்லாமல் கிடந்தோம் என்பது வேதாரண்யம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வி.பி.என். எழுவதற்கு முன்பே எட்டும்படி ஏ.பி.என்.னுக்குள் நேரம் சொல்லும் ஒரு என்.டி.பி. சர்வர் வையுங்கள். பிறகு மெயினையும் யு.பி.எஸ்.ஸையும் அணைத்துப் பத்து நிமிஷம் கழித்துப் போடுங்கள். யாரும் தொடாமல் வி.பி.என். எழுந்தால்தான் பாஸ்.

பி.எல்.சி. பிறர் கைக்குப் போனாலும் ஆபத்து வராதபடி, குளோரின் பம்பின் உச்ச அளவைத் திரையில் மட்டும் நம்பாதீர்கள், பம்பின் அளவைக் கையால் வைக்கும் ஸ்ட்ரோக் குமிழிலேயே கட்டுப்படுத்துங்கள். மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் அணைக்கும் ஃப்ளோட் ஸ்விட்ச் தனி வயரில், மோட்டாருக்குக் கரண்டு விடும் காண்டாக்டருக்கே போகட்டும்.

யார் எப்போது என்ன செய்தார்கள் என்ற பதிவு, அதாவது லாக் விஷயத்தில் பேனல் சுத்தமாகத் தேறவில்லை. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி 180 நாள் லாக் வேண்டும், சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் வேண்டும். ரூட்டரில் கரண்டு போனதும் எல்லாம் அழிந்துவிடும். ரூட்டரின் அந்தப் பதிவுகளை, அதாவது சிஸ்லாக்கைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும்படி செட் செய்யுங்கள்.

பி.எல்.சி. சாவி 'ரன்' (இயங்கும்) நிலையில் இருக்கட்டும். யாரும் அதை மாற்றாதபடி சாவியை எடுத்து அலமாரியில் பூட்டுங்கள். பேனலிலேயே தொங்கவிட்டால் சாவி இருந்தும் பிரயோஜனமில்லை.