டைல்ஸ் இடுக்குப் பூஞ்சைக்கு ஜெல்: மூன்று மாதம் பயன்படுத்திய பிறகு

காற்றில் ஈரம் கூடினால் போதும், எங்கள் பாத்ரூமில் டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுத்துவிடும். பிரஷ் போட்டுத் தேய்த்தால் போகும், பத்தே நாளில் அதே இடத்தில் புள்ளி புள்ளியாகத் திரும்ப வரும். கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்ததில் க்ரவுட் (டைல்ஸ் இடுக்கை அடைக்கும் பூச்சு) பொரபொரவென்று ஆகி, அந்தக் குழிகளில் இன்னும் அழுக்கு சேர்ந்ததுதான் மிச்சம். அப்புறம்தான் டியூபில் வரும் பூஞ்சை நீக்கும் ஜெல்லை வாங்கினேன்.

உள்ளே இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட், வீட்டில் புழங்கும் பிளீச்சில் இருக்கும் அதே மருந்துதான். ஆனால் பிளீச்சைச் சுவரில் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும், ஜெல் பூசிய இடத்திலேயே நிற்கும். இடுக்கு ஈரமாக இருந்தால் ஜெல் நீர்த்துப்போகிறது, அதனால் துணியால் ஒற்றி, ஃபேன் போட்டுக் காயவிட்டு, ராத்திரி எல்லோரும் குளித்து முடித்த பிறகு பூசினேன். காலையில் கழுவிப் பார்த்தால் ஷவருக்குக் கீழே இருந்த கரிக்கோடு வெளிறிய சாம்பல் நிறத்துக்கு வந்திருந்தது, இரண்டாவது தடவை பூசியதும் வெள்ளை. தேய்க்கவே இல்லை. மூலையில் இருக்கும் சிலிகான் பட்டையில் மட்டும் பலிக்கவில்லை. பூஞ்சை அதற்குள்ளேயே இறங்கிவிட்டால் கீறி எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பதுதான் வழி.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம். ஆசிட் கலந்த கழிவறை கிளீனரோ வினிகரோ இதோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சின்ன அறையில் அது நிஜமாகவே ஆபத்து. அதைக் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் டியூபின் பின்னால் போட்டிருக்கிறார்கள். முன்பக்கம் பெரிதாக இருக்க வேண்டிய வரி அது. கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், கலர் க்ரவுட் என்றால் ஓரமாக ஒரு இடத்தில் பூசிப் பார்த்துவிட்டு மேலே போங்கள், வெளுத்துவிடும்.

சரி, திரும்ப வராமல் இருக்கிறதா? மூன்றாவது வாரமே ஒரு ஓரத்தில் புள்ளி வந்தது. அதற்கு ஜெல்லைக் குறை சொல்ல மாட்டேன். சிமெண்ட் க்ரவுட் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சோப்பு நுரையும் உடம்பு அழுக்கும் அதில் படியும், காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும். அன்றிலிருந்து குளித்து முடித்ததும் வைப்பரால் சுவரை மேலிருந்து கீழாக இழுத்துவிடுகிறோம், எக்ஸாஸ்ட் ஃபேன் அரை மணி நேரம் ஓடுகிறது, ஈரத் துண்டை உள்ளே தொங்கவிடுவதில்லை. க்ரவுட்டை இரண்டு நாள் முழுக்கக் காயவிட்டு சீலரும் அடித்தேன். இப்போது தண்ணீர் தெளித்தால் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நிற்கிறது, பார்க்கவே மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

கறையை எடுக்க இந்த ஜெல்லைத் தாராளமாக வாங்கலாம், ஆனால் வைப்பரையும் சேர்த்து வாங்குங்கள். என்னிடம் டியூபில் பாதிக்கு மேல் மீதி இருக்கிறது, கடந்த ஒன்றரை மாதமாக அதைத் திறக்கவே இல்லை.