வலப்பக்கம் முழுக்கக் குறிப்பு: ஷப்பார்டின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' பதிப்பு

1813இல் வெளியான ஜேன் ஆஸ்டின் நாவலுக்கு டேவிட் ஷப்பார்ட் குறிப்பெழுதிய பதிப்பு, ஆங்கர் புக்ஸ் வெளியீடு. இடப்பக்கம் நாவல், வலப்பக்கம் குறிப்புகள். 2,300க்கு மேல் இருக்கிறதாம். புத்தகத்தின் கடைசியில் ஒரு விரலை வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் புரட்டும் தொல்லை இல்லை.

போனில் அகராதி இருக்கிறதே, இது எதற்கு என்பவர்களுக்கு: ஆஸ்டினிடம் காலை வாருவது நமக்குத் தெரிந்த சொற்கள்தான். மருமகன் விக்கமைப் பற்றி, அவன் 'மேக்ஸ் லவ் டு அஸ் ஆல்' என்கிறார் நாயகி எலிசபெத்தின் அப்பா பென்னட். இன்றைய அர்த்தத்தில் படித்தால் குடும்ப மானமே போய்விடும்! அப்போது அது இனிக்க இனிக்கப் பேசிக் குழைவது, அவ்வளவுதான். தன்னை ஆதரிக்கும் சீமாட்டி லேடி கேத்தரினின் 'கண்டசென்ஷனை' பென்னட்டின் உறவுக்காரப் பாதிரியார் காலின்ஸ் வாய் ஓயாமல் புகழ்கிறார். இன்றைக்கு அது, அடுத்தவரை மட்டமாக நடத்துவதைச் சொல்லும் வசவு. அன்றைக்கு, அந்தஸ்து பார்க்காமல் எளியவர்களிடம் பழகும் பெருந்தன்மை.

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். பணம் வரும் இடத்தில்தான் என் கண் நிற்கும். காலின்ஸ் எலிசபெத்திடம் கல்யாணப் பேச்சை எடுக்கிறார். உனக்கு வரப்போவது 'ஃபோர் பெர் சென்ட்ஸ்'இல் கிடக்கும் ஆயிரம் பவுண்டுதான், அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகு என்கிறார். நாலு சதவீத வட்டி தரும் அரசுக் கடன் பத்திரங்கள் அவை. ஆக, வருஷத்துக்கு நாற்பது பவுண்டு. நாயகன் டார்சியின் வருமானமோ வருஷம் பத்தாயிரம். எலிசபெத் அப்பாவின் எஸ்டேட் 'என்டெய்ல்' ஆனது, அதாவது ஆண் வாரிசுக்கே போகும்படி கட்டிப்போட்ட சொத்து. பெண்களுக்கு எழுதிவைக்க வழியில்லை. அவர் கண்ணை மூடினால் எல்லாம் இதே காலின்ஸுக்கு. இந்தக் கணக்கு பிடிபட்ட பிறகு, மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று பறக்கும் பென்னட் அம்மாவைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. மனுஷி வரவுசெலவு தெரிந்தவள். அந்தக் காலின்ஸை வேண்டாம் என்கிற மகளின் நெஞ்சழுத்தமும் அப்போதுதான் உறைக்கிறது.

நாலு குதிரை பூட்டிய வண்டி, மைக்கேல்மஸ் என்கிற செப்டம்பர் 29 பண்டிகை போன்றவற்றுக்கான குறிப்புகளும் சுருக்கமாக, தெளிவாக இருக்கின்றன. வரைபடங்கள், படங்கள் உண்டு.

ஆனால் மனிதருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. இன்னார் இந்த வார்த்தையைக் கோபத்தில் சொன்னார் என்பதற்கெல்லாமா குறிப்பு? ஆஸ்டினின் குத்தலுக்கு உரை எழுதினால் குத்தல் செத்துப்போகிறது. பின்னால் வரப்போவதையும் சில இடங்களில் போட்டு உடைக்கிறார். முதல் தடவை படிப்பவர்கள் புரியாத சொல் வந்தால் மட்டும் வலப்பக்கம் பாருங்கள். தடிமனான புத்தகம் வேறு, படுத்துக்கொண்டு படிக்கத் தோதுப்படாது.

கதை மட்டும் போதும் என்றால் 'புராஜெக்ட் குட்டன்பெர்க்' இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆஸ்டினின் மற்ற ஐந்து நாவல்களுக்கும் ஷப்பார்ட் இதே மாதிரி பதிப்பு போட்டிருக்கிறார். நான் அடுத்து 'எம்மா' வாங்குவதாக இருக்கிறேன்.